மூன்று மாதம் முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்

கேள்வி: எனக்கு வயது 26. காங்கேயம் பக்கம் ஒரு தனியார் கால்நடை கிளினிக்கில் உதவியாளராக இருக்கிறேன். காலையில் நாய், பூனை. மதியத்துக்கு மேல் டாக்டரோடு தோட்டந்தோட்டமாகப் போய் ஆடு, மாடு. இப்போது ஏழு வாரம். கர்ப்பம் என்று தெரிவதற்கு முன் நாய்களுக்கு எக்ஸ்ரே எடுக்கும்போது நாலைந்து தடவை ஏப்ரன் போட்டுக்கொண்டு நான்தான் பிடித்தேன். மூன்று வாரத்துக்கு முன் ஏழு மாதச் சினையில் கன்று வீசிய, அதாவது கரு கலைந்து கன்றை வெளியே தள்ளிய ஒரு மாட்டுக்குக் கொடி (நஞ்சுக்கொடி) எடுக்கவும் உதவினேன். எக்ஸ்ரே பட்டிருந்தால் குழந்தை ஊனமாகும், கலைத்துவிடு என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. மாமியார் வேலையை விடச் சொல்கிறார், வீட்டுப் பூனையையும் எங்காவது விட்டுவிடச் சொல்கிறார். மூன்று மாதம் முடியும் வரை வெளியே சொல்லக்கூடாது என்பதால் கிளினிக்கில் இன்னும் சொல்லவில்லை. வீட்டில் இரண்டு சினை ஆடுகளும் இருக்கின்றன. நான் என்ன செய்வது?

பதில்:

முதலில் அந்த அக்கா சொன்னதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன். கலைக்க வேண்டாம். இந்தக் காரணத்துக்காக அதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். ஏப்ரன் போட்டு மேசைக்குப் பக்கத்தில் நின்று நாயைப் பிடிப்பவரின் வயிற்றில் நேரடிக் கதிர் விழுவதில்லை. நாயின் உடம்பில் பட்டுச் சிதறுவதில் கொஞ்சம் வரும், அதிலும் பெரும்பகுதியை ஏப்ரனில் உள்ள ஈயம் தடுத்துவிடும். கருவில் இருக்கும் குழந்தைக்கு உறுப்புக் கோளாறு வருமோ என்று மருத்துவர்கள் கவலைப்படத் தொடங்குவது ஏறத்தாழ 100 மில்லிகிரே (உடம்பில் படும் கதிரின் அளவு) அளவில்தான், நீங்கள் பிடித்த நாலைந்து படங்கள் அதன் பக்கத்தில்கூட வராது. உங்கள் மகப்பேறு டாக்டரிடம் இதைச் சொல்லுங்கள், அவரும் இதையேதான் சொல்வார், அவர் வாயால் கேட்டால் உங்களுக்கும் நிம்மதியாக இருக்கும்.

ஆனால் இனிமேல் அந்த அறைக்குள் போகாதீர்கள். ஒரு பெண் தான் கர்ப்பம் என்று தெரிவித்த பிறகு, பிரசவம் வரைக்கும் மொத்தமாகக் கருவுக்கு 1 மில்லிசீவர்ட்டுக்கு (எக்ஸ்ரேயில் இது ஏறத்தாழ 1 மில்லிகிரே) மேல் போகக்கூடாது என்பது நம் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் விதி. தெரிவித்த பிறகு என்பதைக் கவனியுங்கள், நீங்கள் வாய் திறக்காத வரை அந்த விதியால் உங்களுக்கு எந்தப் பயனும் இல்லை. கர்ப்பமோ இல்லையோ, நாயைக் கையால் பிடித்து எக்ஸ்ரே எடுப்பதே நல்ல பழக்கம் இல்லை. லேசான மயக்க ஊசி போட்டு, மணல் மூட்டையும் நாடாவும் வைத்துக் கிடத்திவிட்டு, எல்லோரும் வெளியே வந்து பட்டனை அழுத்தலாம். உங்கள் கிளினிக்கில் எவ்வளவு கதிர் பட்டது என்று அளக்கும் டி.எல்.டி பேட்ஜ் கொடுத்திருக்கிறார்களா என்று நீங்கள் எழுதவில்லை. இல்லையென்றால் மற்றவர்களுக்காகவாவது கேளுங்கள்.

உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்தது எக்ஸ்ரே இல்லை, ஒரே வரியில் சொல்லிவிட்டுத் தாண்டிப் போன அந்த மாடுதான்.

ஏழு மாதச் சினையில் கன்று வீசினால் கால்நடை மருத்துவராக எனக்கு முதலில் சந்தேகம் வருவது கன்று வீச்சு நோய், அதாவது புருசெல்லா. வீசிய மாடெல்லாம் அந்த நோயால்தான் வீசியது என்று சொல்ல முடியாது. சறுக்கி விழுந்தும் வீசும், வேறு கிருமிகளாலும் வீசும். ஆனால் புருசெல்லாவாக இருந்தால் அந்தக் கொடியிலும், அதோடு வரும் நீரிலும், செத்த கன்றிலும் கிருமி கோடிக்கணக்கில் இருக்கும். கையில் ஒரு சின்னக் கீறல் போதும், கண்ணில் ஒரு சொட்டுத் தெறித்தால் போதும், உள்ளே போய்விடும். கொடி எடுக்கிற வேலை எப்படி நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். டாக்டர் தோள்வரை உறை மாட்டிக்கொண்டு உள்ளே கைவிட்டு முடிச்சு முடிச்சாகப் பிரித்தெடுப்பார், நீங்கள் வாலை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு வெளியே வந்த கொடியைத் தாங்கி வாளியில் போடுவீர்கள். மணிக்கட்டோடு முடிகிற சாதாரணக் கையுறை என்றால், முழங்கை வரை வழிகிற நீர் அப்படியே உறைக்குள் இறங்கும். மாடு ஒருமுறை வாலைச் சுழற்றினால் முகமெல்லாம் தெறிக்கும், அதை முழங்கையால் துடைத்துவிட்டு வேலையைத் தொடர்வோம். கர்ப்பமான பெண்ணுக்கு இந்தக் கிருமி தொற்றினால் கரு கலையவும் வாய்ப்பு உண்டு என்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

அதனால் இந்த வாரமே மகப்பேறு டாக்டரைப் பாருங்கள். "நான் கால்நடை கிளினிக்கில் வேலை செய்கிறேன், மூன்று வாரத்துக்கு முன் கன்று வீசிய மாட்டின் கொடியைக் கையாண்டேன், புருசெல்லா ரத்தப் பரிசோதனை தேவையா?" என்று இதே வார்த்தைகளில் கேளுங்கள். டவுனில் பல டாக்டர்களுக்கு உங்கள் வேலை என்னவென்று தெரிந்திருக்காது. காய்ச்சல் என்று போனால் சாதாரண வைரஸ் காய்ச்சல் என்று நினைத்து மாத்திரை எழுதிவிடுவார்கள், அதில் அவர்கள் தப்பும் இல்லை. இந்த நோய் தலைகாட்டப் பெரும்பாலும் இரண்டிலிருந்து நான்கு வாரம் ஆகும், சிலருக்கு மாதக்கணக்கில்கூட ஆகும். எனவே இப்போது எடுக்கும் பரிசோதனையில் ஒன்றும் இல்லை என்று வந்தாலும் அதோடு விட்டுவிடாதீர்கள், திரும்ப எப்போது எடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டு வாருங்கள். சாயங்காலமானால் காய்ச்சல், ராத்திரியில் நனைகிற அளவுக்கு வியர்வை, இடுப்பும் மூட்டும் வலி, உடம்பு அடித்துப்போட்டது மாதிரி அசதி, இவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே போங்கள். இந்த நோய்க்கு வழக்கமாகக் கொடுக்கும் டாக்ஸிசைக்ளினைக் கர்ப்பிணிக்குக் கொடுப்பதில்லை. ஆனால் கொடுக்கக்கூடிய வேறு மருந்துகள் இருக்கின்றன, பயப்பட வேண்டாம். நீங்களாகக் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்வது மட்டும் கூடவே கூடாது.

இன்னொரு காரியமும் உடனே நடக்க வேண்டும். அந்த மாட்டின் ரத்தத்தைச் சோதிக்கச் சொல்லுங்கள். மாவட்டக் கால்நடை நோய் புலனாய்வுப் பிரிவுக்கு மாதிரி அனுப்பலாம், ரோஸ் பெங்கால் பரிசோதனை சுலபமானது. மாட்டுக்கு இல்லை என்று வந்தால் உங்கள் மனசும் பாதி லேசாகிவிடும். இருக்கிறது என்று வந்தால் அந்தத் தோட்டத்தில் பால் கறக்கிறவர்களுக்கும் தெரிந்தாக வேண்டும், அங்கேயும் கர்ப்பமான பெண்கள் இருக்கலாம். ஆனால் பாருங்கள், இதைக் கேட்பதற்கே உங்கள் கிளினிக் டாக்டரிடம் நீங்கள் விஷயத்தைச் சொல்லியாக வேண்டும்.

அந்த வழக்கத்தைப் பற்றியும் பேசிவிடுவோம். மூன்று மாதம் முடியும் வரை வெளியே சொல்லாமல் இருப்பதற்குக் காரணம் கண்ணேறு மட்டும் இல்லை, ஒருவேளை தங்காமல் போனால் பார்க்கிறவர்களுக்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டியிருக்குமே என்ற வேதனையும்தான். எனக்கு அது நன்றாகவே புரிகிறது. அதனால் ஊருக்குச் சொல்லச் சொல்லவில்லை. மகப்பேறு டாக்டரைத் தவிர உங்கள் கிளினிக் டாக்டர் ஒருவருக்கு மட்டும் சொல்லுங்கள், நாளைக்கே சொல்லுங்கள். குழந்தையின் இதயம், மூளை, கை கால் எல்லாம் உருவாவது முதல் பத்து வாரத்துக்குள். மருந்து, கதிர், விஷவாயு இவற்றிலிருந்து மிகவும் காப்பாற்ற வேண்டிய காலமும் அதுதான். பன்னிரண்டு வாரம் முடிந்தபின் சொன்னால் அந்தக் காலம் கடந்துவிட்டிருக்கும். அதுவரை மாட்டேன் என்று சொல்லக் காரணம் இல்லாமல் எல்லா வேலையையும் செய்துகொண்டிருப்பீர்கள், உங்கள் கடிதத்தைப் பார்த்தால் அப்படிச் செய்கிறவர் மாதிரிதான் தெரிகிறது. அரசின் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்திலும் பன்னிரண்டு வாரத்துக்குள் பதிவு செய்யத்தான் சொல்கிறார்கள். தகுதி இருந்தால் தவணை தவணையாக, ஊட்டச்சத்துப் பெட்டகத்தோடு சேர்த்து 18,000 ரூபாய் வரை கிடைக்கும். கிராம சுகாதார செவிலியரிடம் இன்னும் பதியவில்லை என்றால் அதையும் இந்த வாரமே முடித்துவிடுங்கள்.

சொல்லும்போது வெறுமனே "மாசமா இருக்கேன் சார்" என்று நிறுத்தாமல், எந்தெந்த வேலையைச் செய்யக்கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். கன்று போடுகிற, குட்டி போடுகிற, கொடி எடுக்கிற இடத்துக்கு உங்கள் பிரசவம் ஆகும்வரை போக வேண்டாம். உறை மாட்டிக்கொண்டு போகிறேன் என்றும் வேண்டாம். புருசெல்லாவை விட்டாலும் கியூ காய்ச்சல் என்று ஆடு மாடுகளிலிருந்து வரும் இன்னொரு நோய் இருக்கிறது, அந்தக் கிருமி காய்ந்த மண்ணிலும் சாணத்திலும் நீண்ட நாள் உயிரோடு இருந்து தூசியோடு பறந்து மூச்சுக்குள் போகும். நெதர்லாந்தில் 2007 முதல் 2010 வரை ஆட்டுப் பண்ணைகளிலிருந்து அது பரவி நாலாயிரம் பேருக்கு மேல் பாதிக்கப்பட்டார்கள், அவர்களில் பலர் ஆட்டைத் தொட்டதே இல்லை. பிரிட்டனில் செம்மறி குட்டி போடும் பருவம் வந்தால், கர்ப்பிணிகள் பட்டிப் பக்கம் போகாதீர்கள் என்று ஒவ்வொரு வருடமும் சுகாதாரத் துறை எச்சரிக்கிறது. ஆட்டில் கருச்சிதைவை உண்டாக்கும் கிளமிடியா, லிஸ்டீரியா எல்லாமே அந்தக் கொடியிலும் நீரிலும்தான் இருக்கின்றன.

அடுத்தது ஊசி மருந்து. நான் பார்த்த வரையில் உதவியாளர்களுக்கு யாருமே சொல்லிக் கொடுக்காத விஷயம் இது. மாட்டைப் பருவத்துக்குக் கொண்டுவரப் போடுகிறோமே புரோஸ்டாகிளாண்டின் ஊசி, க்ளோப்ரோஸ்டினால் என்று குப்பியில் பெயர் இருக்கும், அது தோல் வழியாகவே உடம்புக்குள் போகும். மாட்டின் கருப்பையில் என்ன வேலை செய்கிறதோ அதையே உங்கள் கருப்பையிலும் செய்யும். கர்ப்பிணிகளும் ஆஸ்துமா உள்ளவர்களும் கையாள வேண்டாம் என்று அந்த மருந்தோடு வரும் தாளிலேயே எச்சரிக்கை இருக்கும், யார் படிக்கிறோம்? ஒரு கையில் மாட்டின் கயிறு, இன்னொரு கையில் சிரிஞ்சு, ஊசியின் மூடியைப் பல்லால் கடித்து இழுக்கிற பழக்கம் நம் கிளினிக்குகளில் பலருக்கு உண்டு. ஊசி நுனியில் ஒரு சொட்டுத் தொங்கிக்கொண்டிருக்கும், மூடி உதட்டில் இருக்கும். அந்தப் பழக்கம் இருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள். க்ளோப்ரோஸ்டினால் குப்பியை நீங்கள் தொடவே வேண்டாம், வேறு யாராவது ஏற்றட்டும். தப்பித்தவறி தோலில் பட்டால் அப்போதே சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவுங்கள், குத்திக்கொண்டால் மருந்தின் பெயரோடு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஆக்ஸிடோசினும் அப்படித்தான். நான்கிலிருந்து எட்டு மாதக் கிடேரிகளுக்குப் போடும் புருசெல்லா தடுப்பூசியில் இருப்பது உயிருள்ள கிருமி, அது கையில் குத்தினால் மனிதருக்கு நோயே வரலாம். தடுப்பூசி முகாமுக்கு ஆள் குறைகிறது என்று கூப்பிட்டால் மறுத்துவிடுங்கள்.

தெருநாய்களுக்குப் பிறப்புறுப்பில் வருகிற கட்டிக்கு வின்கிறிஸ்டின் போடுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அது புற்றுநோய் மருந்து. வளர்கிற செல்லைத்தான் அது அழிக்கும், வயிற்றில் இருப்பது முழுக்க வளர்கிற செல். மருந்தை ஏற்றுவது மட்டும் இல்லை, ஊசி போட்ட நாயின் மூத்திரமும் மலமும் வாந்தியும் சில நாள் அந்த மருந்தைச் சுமந்துகொண்டிருக்கும் என்பதால் அந்தக் கூண்டைக் கழுவுவதும் உங்கள் வேலை இல்லை. படர்தாமரைக்குக் கொடுக்கும் கிரிசியோஃபுல்வின் மாத்திரையை உடைத்துப் பொடி செய்வதும் வேண்டாம். அறுவை சிகிச்சைக்கு ஐசோஃப்ளூரேன் மயக்க வாயு வைத்திருந்தால், வெளியேறும் வாயுவை வெளியே கொண்டுபோக குழாய் ஏற்பாடு இருக்கிறதா, கசிவு பார்த்திருக்கிறார்களா என்று தெரியும்வரை அந்த அறையில் நிற்காதீர்கள். உண்ணி மருந்து கரைப்பது, தெளிப்பது இரண்டும் மற்றவர்கள் பார்க்கட்டும்.

இதையெல்லாம் எடுத்துவிட்டால் எனக்கு என்ன வேலை மிச்சம் என்று கேட்பீர்கள். நிறைய இருக்கிறது. பதிவேடு, மருந்து இருப்பு, போன், தடுப்பூசிக்கு வருகிறவர்களுக்கு அட்டை எழுதுவது, சொந்தக்காரர் வாய்க்கட்டுப் போட்டுப் பிடித்துக்கொள்கிற நாய்க்குக் காய்ச்சல் பார்ப்பது என்று கிளினிக் ஓடுவதே இந்த வேலைகளால்தான். அதனால் மாமியார் சொல்வதுபோல வேலையை விட வேண்டிய அவசியம் இருப்பதாக நான் நினைக்கவில்லை. வேலையை மாற்றிக் கொடுத்தால் தொடருங்கள். மாற்றிக் கொடுக்க முடியாது, தோட்டத்துக்கு வந்துதான் ஆகவேண்டும் என்று டாக்டர் சொன்னால், அப்போது மாமியார் சொல்வதுதான் சரி. சட்டப்படி பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கிற இடமாக இருந்து, பிரசவத் தேதிக்கு முந்தைய பன்னிரண்டு மாதத்தில் 80 நாளாவது நீங்கள் வேலை செய்திருந்தால் சம்பளத்தோடு 26 வாரம் விடுப்பு உண்டு. உங்கள் கிளினிக் மூன்று நான்கு பேர் உள்ள இடமாக இருந்தால் அந்தச் சட்டம் கைகொடுக்காது, டாக்டரிடம் பேசித்தான் தீர்க்க வேண்டும். பெரும்பாலான டாக்டர்களுக்கு எடுத்துச் சொன்னால் புரியும், பழகின ஆளை விட அவர்களுக்கும் மனசு வராது.

பூனை பாவம், அதை எங்கும் விட வேண்டாம். டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி பூனை மலத்தில் வரும் என்பது உண்மைதான். ஆனால் பெரும்பாலான பூனைகள் வாழ்நாளில் முதல் தடவை தொற்றும்போது மட்டும் ஒன்றிரண்டு வாரம் அதை வெளியேற்றும், அந்த மலமும் ஒரு நாளாவது கிடந்த பிறகுதான் தொற்றும் நிலைக்கு வரும். அதனால் தினமும் மலத்தை அள்ளிவிட்டால் ஆபத்து மிகக் குறைவு, அதை வீட்டில் வேறு யாராவது செய்தால் இன்னும் நல்லது. சரியாக வேகாத கறியும் கழுவாத கீரையும் தோட்டத்து மண்ணும் மடியில் உட்காரும் பூனையைவிட ஆபத்து அதிகம். கிளினிக்குக்கு வரும் குட்டிப் பூனைகளின் கூண்டை மட்டும் நீங்கள் கழுவாதீர்கள். பால் எதுவானாலும் பொங்கக் காய்ச்சிக் குடியுங்கள், சீம்பாலையும் நன்றாக வேகவைத்துத்தான் சாப்பிட வேண்டும்.

கிளினிக்கில் நாய் கடித்தாலோ பிறாண்டினாலோ பதினைந்து நிமிடம் ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு அன்றே தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். கர்ப்பமாக இருக்கிறேன், பிறகு பார்க்கலாம் என்று தள்ளிப்போடும் பெண்கள் இன்னும் இருக்கிறார்கள், அதை நினைத்தால் எனக்கு வயிறு கலங்குகிறது. வெறிநோய்த் தடுப்பூசியும், தேவைப்பட்டால் காயத்தில் போடும் இம்யூனோகுளோபுலினும் கர்ப்பத்தில் பாதுகாப்பானவை. நோய் வந்துவிட்டால் காப்பாற்ற அநேகமாக வழியே கிடையாது. ஏற்கெனவே முழுதாகத் தடுப்பூசி போட்டிருந்தால் இரண்டு ஊசியோடு முடிந்துவிடும், அந்தச் சீட்டைத் தேடி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று மாதம் வரை கருப்பை இடுப்பெலும்புக்குள் பத்திரமாக இருக்கும், அதற்குமேல் வயிற்றுக்கு மேலே ஏறிவிடும். அதன் பிறகு மாடு உதைத்தாலோ, பெரிய நாய் வயிற்றில் பாய்ந்தாலோ, வலி இல்லை என்றாலும் ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டுங்கள், நஞ்சுக்கொடி உள்ளேயே பிரிந்திருக்கலாம். உங்கள் ரத்தம் நெகட்டிவ் வகை என்றால் 72 மணி நேரத்துக்குள் ஆன்டி-டி ஊசி தேவைப்படலாம், உங்கள் வகை என்ன என்பதைக் கேட்டு மனப்பாடமாக வைத்திருங்கள். மழைக்காலத்தில் கொட்டகையில் தேங்கிய மூத்திரத் தண்ணீரில் செருப்பில்லாமல் நடக்காதீர்கள், எலிக்காய்ச்சல் அப்படித்தான் வரும்.

கடைசியாக உங்கள் வீட்டு ஆடுகள். எப்போது குட்டி போடும் என்று எழுதவில்லை, உங்கள் பிரசவத்துக்கு முன்பே போடும் என்று வைத்துக்கொள்கிறேன். அன்றைக்கு உங்கள் கணவரோ மாமனாரோ பார்த்துக்கொள்ளட்டும், உங்களுக்குத்தான் வேலை தெரியும் என்று கூப்பிட்டாலும் திண்ணையிலிருந்தே சொல்லிக்கொடுங்கள். கொடியை நாய்க்குப் போடாமல், ஆழமாகக் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைக்கச் சொல்லுங்கள். ஈரம் காயாத குட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் வர வேண்டாம். அந்த வேலை பார்த்தவர் குளித்துவிட்டு உள்ளே வரட்டும், போட்டிருந்த வேட்டி சட்டையை அவரே சோப்புத் தண்ணீரில் ஊறவைத்துத் துவைத்துப் போடட்டும், உங்கள் துணிக்கூடையில் சேர்க்க வேண்டாம். ஆடு குட்டியை வீசிவிட்டால் அந்த இடத்தைக் கூட்டாமல் கிருமிநாசினி தெளித்து ஈரமாகவே வைத்துவிட்டு எனக்கோ உங்கள் டாக்டருக்கோ தெரியப்படுத்துங்கள்.